காலம் மாறுவதை உங்கள் காதுக்கு முதலில் சொல்வது எது?

ஈரமண் (இழையைத் தொடங்கியவர்)

நான்கு நாட்களுக்கு முன் விடியற்காலை நாலே முக்காலுக்கு விழிப்பு வந்துவிட்டது. எதனால் என்று உடனே தெரியவில்லை. அறை இருட்டாக இருந்தது, போர்வை இன்னும் தேவைப்பட்டது, நாட்காட்டிப்படி பனிக்காலம் முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டது. ஓர் ஆண் குயில். தொண்டை இன்னும் சரியாகத் திறக்காத மாதிரி இரண்டு கூவல், மூன்றாவது பாதியிலேயே நின்றுவிட்டது. மறுநாள் நான்கு கூவல். இன்று காலை ஒன்றைவிட ஒன்று மேலே ஏறிப்போகும் அந்த முழு வரிசையும் வந்துவிட்டது.

குயில் வெளியிலிருந்து வந்து சேரவில்லை. என் வீட்டுப் பக்கம் அது ஆண்டு முழுவதும் இருக்கிறது. பழ மரத்தில் வாய் திறக்காமல் இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. அது வாய் திறக்கும் நாளைத்தான் நாம் "குயில் வந்துவிட்டது" என்கிறோம்.

9 ஆண்டுகளாக ஒரு நோட்டில் இப்படிப்பட்ட முதல் நாட்களை எழுதி வருகிறேன். முதல் குயில், முதல் சில்வண்டு, முதல் இடி, முதல் தவளை. எழுத எழுத ஒரு கேள்வி மனதை விட்டு நீங்கவில்லை. இந்த ஓசைகள் காலத்தை முன்கூட்டியே அறிவிக்கின்றனவா, இல்லை வந்துவிட்ட காலத்துக்குப் பதில் சொல்கின்றனவா?

உங்கள் காதுக்கு முதலில் எட்டுவது எது என்று எழுதுங்கள். மனிதர் எழுப்பும் ஓசை வேண்டாம். பறவை, பூச்சி, காற்று, தண்ணீர், மரம் எதுவானாலும் சரி.

கார்முகில்

சந்தேகமே இல்லை, தவளை. தவளை கத்தினால் மழை வரும் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. அது முன்கூட்டியே அறிவிப்பதுதான். வானத்தைப் பார்க்காமலே நான் துணியை எடுத்து உள்ளே வைத்த நாட்கள் உண்டு.

செவ்வந்தி

கார்முகில், நான் கவனித்த வரையில் மழை பெய்து குழியில் தண்ணீர் நின்ற பிறகுதான் பெருங்கூச்சல் கிளம்புகிறது. முதல் நாள் இரவு நல்ல மழை, இரண்டாம் நாள் மாலை கச்சேரி. மழை பெய்யும் காலத்தில் தவளை கத்துகிறது, அப்புறம் மறுபடியும் மழை பெய்கிறது. அதைப் பார்த்துவிட்டு தவளை சொன்னதால்தான் மழை வந்தது என்று எண்ணிக்கொள்கிறோம் என நினைக்கிறேன்.

ஈரமண்

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. எந்தத் தவளை என்பதைப் பொறுத்தது.

செவ்வந்தி சொல்வது குட்டையில் கூடிக் கத்தும் தவளைகளை. அங்கே கத்துவது ஆண்கள், பெண் தவளைகளை அழைப்பதற்காக. மழைநீர் புதிதாகத் தேங்கிய குட்டையில் மீன் இருக்காது. மீன் இல்லையென்றால் முட்டைக்கும் தலைப்பிரட்டைக்கும் பெரிய ஆபத்து ஒன்று குறைகிறது. ஆனால் அந்தக் குட்டை சில வாரங்களில் வற்றிவிடும். அதற்குள் முட்டையிட்டு, தலைப்பிரட்டை கால் முளைத்து, வால் இழந்து கரையேற வேண்டும். அதனால்தான் அத்தனை ஆணும் ஒரே இரவில், அந்த அவசரத்தோடு கத்துகின்றன. இந்தியாவில் இருக்கும் பெரிய காளைத்தவளையின் ஆண், அந்த நாட்களில் மேனி முழுக்க எலுமிச்சை மஞ்சளாகி, கன்னத்துப் பைகள் நீலமாகிவிடும். மழைக்கு முந்தைய வாரம் அதே தவளையைப் பார்த்திருந்தால் சேற்று நிறத்தில் இருந்திருக்கும்.

கார்முகில் கேட்டது மரத்தவளையாக இருக்கலாம். சில மரத்தவளைகள் தண்ணீரிலிருந்து தள்ளி, இலையிலோ கிளையிலோ இருந்தபடி, காற்றில் ஈரம் ஏறும்போது ஒற்றை ஒற்றையாகக் குரல் கொடுக்கும். ஈரம் ஏறிய காற்றுக்குப் பின்னால் மழை வருவது வழக்கம்தானே. ஆக, அது வரப்போகும் மழையைச் சொல்லவில்லை, வந்துவிட்ட ஈரத்தைச் சொல்கிறது. மழை அந்த ஈரத்தின் பின்னாலேயே வருவதால் நமக்கு அது முன்னறிவிப்பாகப் படுகிறது.

கார்முகில்

அந்த ஒற்றைக் குரல்தான்! ஜன்னலோரம் இருக்கும் செடியிலிருந்து வரும். கூட்டமாக இல்லை. இதைப் பிரித்துப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை.

மரத்தடி

எல்லோரும் உயிரினங்களையே சொல்கிறீர்கள். எனக்கு வாகை நெற்று. இலையெல்லாம் கொட்டிய பிறகு, வெளிறிக் காய்ந்த நெற்றுகள் மட்டும் கிளையில் தொங்கும். உள்ளே விதை தனித்தனியாக ஆடும். வறண்ட காற்று எழும்போது மரம் முழுவதும் கலகலவென்று சலசலக்கும். சங்கப் புலவர் ஒருவர் இதே ஓசையைக் கயிற்றின் மேல் ஆடுபவர்களுக்குக் கொட்டும் பறையோடு ஒப்பிட்டிருக்கிறார். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் ஒருவர் நின்று கேட்ட அதே ஓசையை இன்று நானும் நின்று கேட்கிறேன் என்று நினைக்கும்போது உடம்பு சிலிர்க்கிறது.

இன்னொன்று, காய் வெடிக்கும் சத்தம். முற்றிய ஆமணக்குக் காய் உச்சி வெயிலில் 'டப்' என்று வெடித்து விதையைத் தெறிக்கவிடும். அதற்கு நேர் மாறானது பட்டாசுக்காய், ஊதாப் பூப் பூக்கும் வேலியோரச் செடி. அதன் காய்ந்த காயை வெயிலில் நாள் முழுக்க வைத்தாலும் பெரும்பாலும் சும்மா கிடக்கும். ஈரம் பட்டதும் வெடிக்கும். சிறுவயதில் எச்சில் தொட்டு வைத்துவிட்டுக் காத்திருந்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். கோடை முடிந்து முதல் தூறல் விழும்போது வேலியோரம் நின்று கேளுங்கள். சின்னச் சின்னதாகப் பட பட என்று ஒரு வெடிப்பு. ஒரு காய் வறட்சிக்கும் இன்னொரு காய் ஈரத்துக்கும் திறக்கிறது. விதை முளைக்க எது தோது என்பதை அந்தந்தச் செடி அப்படித் தீர்மானித்து வைத்திருக்கிறது.

சாளரம்

சில்வண்டு! எனக்குக் கோடை என்றால் அதுதான். ராத்திரி முழுக்கக் காதைத் துளைக்கும்.

மரத்தடி

சாளரம், இரவில் கேட்பது சில்வண்டாக இல்லாமல் இருக்கலாம். தமிழில் இரண்டையும் ஒரே பெயரால் அழைத்துப் பழகிவிட்டதால் இந்தக் குழப்பம் எப்போதும் வருகிறது. நான் பிரித்துக்கொள்ளும் முறையைச் சொல்கிறேன்.

பகலில், பெரும்பாலும் கொளுத்தும் வெயிலில், மரத்தின் மேலிருந்து ஒரே இழுப்பாக ரம்பம் அறுப்பது போல வருவது சில்வண்டு. சிக்காடா என்று ஆவணப்படங்களில் சொல்வது இதைத்தான். ஆணின் வயிற்றின் இருபுறமும் விறைப்பான சவ்வு இருக்கிறது. தகர மூடியை அழுத்தினால் 'டொக்' என்று உள்ளே போய்த் திரும்புமே, அது போல உள்ளிருக்கும் தசை அந்தச் சவ்வை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை இழுத்துவிடுகிறது. வயிறு பெரும்பாலும் உள்ளே காலியாக இருப்பதால் அது யாழின் குடம் போல ஒலியைப் பெருக்குகிறது.

இரவில், தரையிலிருந்தோ சுவர் இடுக்கிலிருந்தோ 'கிரீச் கிரீச்' என்று விட்டுவிட்டு வருவது சுவர்க்கோழி. அது இறக்கையோடு இறக்கையை உரசுகிறது.

இரண்டும் சொல்லும் செய்தி வேறு. சில்வண்டின் குஞ்சு மண்ணுக்குள் வேர்ச்சாறு உறிஞ்சி ஆண்டுக்கணக்கில் இருக்கும். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் 13 ஆண்டுக்கு ஒரு முறையும் 17 ஆண்டுக்கு ஒரு முறையும் வெளிவரும் வகைகள் உண்டு. அந்த ஆண்டு வந்துவிட்டால் போதாது, ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் ஆழத்தில் மண்ணின் வெப்பம் 18 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும். எட்டினால் கோடிக்கணக்கில் ஒன்றாக மேலேறும். 2024இல் 13 ஆண்டுக் கூட்டம் ஒன்றும் 17 ஆண்டுக் கூட்டம் ஒன்றும் சேர்ந்து வெளிவந்தன. அதே இரண்டு கூட்டங்களும் அதற்கு முன் சேர்ந்து வந்தது 1803இல். சில்வண்டின் முதல் ஓசையைக் கேட்கிறீர்கள் என்றால், உங்கள் காலடியில் ஒரு சாண் ஆழத்துக்கும் சூடு இறங்கிவிட்டது என்று பொருள். மேலே வீசும் ஒருநாள் அனலுக்கு அது அசையாது.

சாளரம்

அப்படியானால் நான் இத்தனை நாள் கேட்டது சுவர்க்கோழி. அதற்கு ஒரு கணக்கு உண்டாமே, கத்தும் எண்ணிக்கையை வைத்து வெப்பத்தைச் சொல்லலாம் என்று?

ஈரமண்

உண்டு. 1897இல் ஆமோஸ் டால்பேர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் எழுதியது. செல்சியஸுக்கு எளிதாக்கிச் சொன்னால், 8 நொடியில் எத்தனை முறை கத்துகிறது என்று எண்ணி, அதோடு 5 கூட்ட வேண்டும். பூச்சியின் உடல் வெப்பம் சுற்றியிருக்கும் காற்றின் வெப்பத்தோடு ஏறி இறங்குவதால் தசையின் வேகமும் கூடவே ஏறி இறங்குகிறது. ஆனால் அந்தக் கணக்கு அங்கே மரத்தில் வாழும் ஒரு வகைப் பூச்சிக்குத்தான் நன்றாகப் பொருந்தும். என் வீட்டுச் சுவர்க்கோழியிடம் முயன்றபோது வெப்பமானி காட்டியதற்கும் கணக்குக்கும் 6 டிகிரி வித்தியாசம் வந்தது. அதனால் நானே 20 இரவு எண்ணி, வெப்பமானியைப் பார்த்து எழுதி, என் வீட்டுப் பூச்சிக்கென்று ஒரு கணக்கு உண்டாக்கிக்கொண்டேன். இப்போது பெரும்பாலும் ஒரு டிகிரிக்குள் வந்துவிடுகிறது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் செய்து பாருங்கள்.

பழைய வானொலி

இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கு வயது 71.

ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன், எங்கள் பகுதியில் சுவர்க்கோழிகள் அழிந்துவிட்டன என்று முடிவு செய்தேன். மழை முடிந்து வரும் இரவுகளில் முன்பெல்லாம் படுக்கையில் கிடந்தபடி அந்த ஓசையிலேயே தூங்கிப்போவேன். ஓராண்டு குறைந்தது. அடுத்த ஆண்டு மிகவும் குறைந்தது. மூன்றாம் ஆண்டு ஒன்றுமே இல்லை. பூச்சிமருந்தால் என்று நினைத்தேன், விளக்கு வெளிச்சத்தால் என்று நினைத்தேன். பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லி வருத்தப்பட்டேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் செடிக்கு மருந்து அடிப்பது பற்றிக் கோபமாகவே பேசியிருக்கிறேன்.

விடுமுறைக்குப் பேத்தி வந்திருந்தாள். 8 வயது. இரவு வாசலில் உட்கார்ந்திருந்தபோது, "தாத்தா, இந்தப் பூச்சி ஏன் இவ்வளவு சத்தமாகக் கத்துது?" என்றாள். நான் கேட்டேன், எந்தப் பூச்சி என்று. அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. என் கையைப் பிடித்து அழைத்துப்போய், சுவரோரம் குனியவைத்து, "இங்கேதான்" என்று காட்டினாள். ஒன்றும் கேட்கவில்லை.

காது பரிசோதனையில் வரைபடம் போட்டுக் காட்டினார்கள். பேச்சொலி இருக்கும் பகுதி வரை ஓரளவு சரியாக இருந்தது. அதற்கு மேல் கோடு மளமளவென்று கீழே இறங்கியது. வயதானால் உச்ச ஒலிகள்தான் முதலில் போகுமாம். சுவர்க்கோழியின் ஓசை பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பதால் அது முதலில் போய்விட்டது. இடி கேட்டது, தவளை கேட்டது, குயிலும் கேட்டது. பூச்சிகள் மட்டும் ஒவ்வொன்றாக விடைபெற்றுவிட்டன. அவை போகவில்லை, நான்தான் அவற்றின் ஊரைவிட்டு வெளியேறியிருக்கிறேன்.

செவிக்கருவி வைத்துக்கொண்டு முதல் முறை வாசலில் உட்கார்ந்த இரவு நான் அழுதேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் மறுநாள் போய் மன்னிப்பும் கேட்டேன்.

இதை இங்கே எழுதக் காரணம், ஒரு ஓசை நின்றுவிட்டது என்று எழுதும் முன் இளம் காது ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

செவ்வந்தி

ஐயா, இதைப் படித்து நானும் கலங்கிவிட்டேன். என் அம்மாவும் "முன்ன மாதிரி பூச்சிச் சத்தமே இல்லை" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்த வாரமே அழைத்துப் போகிறேன்.

ஈரமண்

ஐயா, உங்கள் பதிவுக்குப் பிறகு என் நோட்டில் முதல் பக்கத்தில் என் வயதையும் எழுதிவைத்தேன். அது எனக்கு 9 ஆண்டுகளாகத் தோன்றாத விஷயம். நன்றி.

நெடுவழி

வேறொரு சந்தேகம். இரவுப் பணி முடிந்து இரண்டு மணிக்கு நடந்து வருவேன். கரிச்சானோ என்னவோ, கறுப்பு வெள்ளைக் குருவி ஒன்று தெருவிளக்குக்குப் பக்கத்து மரத்தில் அந்த நேரத்தில் பாடுகிறது. இன்னும் குளிர்காலமே முடியவில்லை. இதற்கும் பருவம் மாறுவதற்கும் தொடர்பு இருக்கிறதா?

ஈரமண்

கறுப்பு வெள்ளை, பாட்டு, தெருவிளக்கு மூன்றையும் வைத்துப் பார்த்தால் குண்டுகரிச்சானாக இருக்கலாம். பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். தொடர்பு இருக்கிறதா என்றால், நிச்சயமாக. இது எனக்கு மிகப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

1920களில் கனடாவில் எட்மண்டன் நகரில் வில்லியம் ரோவன் என்ற விலங்கியலாளர், ஜுங்கோ என்ற சிறு குருவிகளைக் கூண்டில் வைத்து, உறைபனிக் குளிரில் வெட்டவெளியில் விட்டார். ஒரு கூண்டில் மட்டும் மின்விளக்கு. பொழுது சாய்ந்த பிறகு தினமும் சில நிமிடம் கூடுதலாக எரியவிட்டார். குளிர் இரண்டு கூண்டுக்கும் ஒன்றுதான். விளக்குக் கூண்டில் இருந்த குருவிகளுக்கு மட்டும் நடுக்குளிர்காலத்தில் இனப்பெருக்க உறுப்புகள் வசந்தத்தில் போல வளர்ந்துவிட்டன. பகல் நீள்வதே அவற்றுக்கான அறிவிப்பு, வெயிலின் கதகதப்பு இல்லை என்பது அப்படித் தெரியவந்தது.

1930களில் பிரான்சைச் சேர்ந்த ழாக் பெனுவா வாத்துகளை வைத்து இன்னும் ஒரு படி போனார். கண் இல்லாத வாத்துகளும் ஒளிக்கு அதே மாதிரி மாறின. பறவையின் மண்டையோடு மெல்லியது, ஒளி அதை ஊடுருவி மூளைக்குள் போகிறது. மூளையின் ஆழத்திலேயே ஒளியை உணரும் செல்கள் இருக்கின்றன. ஆக, பறவை பகலின் நீளத்தைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை.

அதன் பிறகு நடப்பது இன்னும் வியப்பு. பெர்னாண்டோ நாட்டபோம் 1981இல் கேனரிப் பறவைகளிடம் காட்டியது: பாட்டுக்கான மூளைப்பகுதி ஒன்று, இலையுதிர் காலத்தில் இருப்பதைவிட வசந்தத்தில் ஏறக்குறைய இருமடங்கு பெரிதாக இருந்தது. பாடும் காலம் முடிந்ததும் சுருங்குகிறது, மறு ஆண்டு மறுபடியும் வளர்கிறது. என் குயில் முதல் நாள் இரண்டு கூவலோடு நிறுத்தி, நாலாம் நாள் முழு வரிசைக்கு வந்ததைக் கேட்டபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. குயிலில் அப்படித்தான் நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. கூவாத குரல் கூவும் குரலாக மாறுவதற்கு உள்ளே எவ்வளவு வேலை நடக்க வேண்டியிருக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

இப்போது உங்கள் தெருவிளக்குக்கு வருவோம். ரோவன் ஏற்றிய விளக்கைத்தான் நாம் தெருத்தெருவாக ஏற்றி வைத்திருக்கிறோம். ஐரோப்பாவில் சில பாட்டுப் பறவைகள், இரவில் வெளிச்சம் உள்ள இடங்களில், விடியலுக்கு முன்பே பாடத் தொடங்குவதையும், ஆண்டின் பாட்டுக் காலத்தையே முன்னதாகத் தொடங்குவதையும் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தக் குருவி பொய் சொல்லவில்லை. அதற்குக் கிடைத்த வெளிச்சத்துக்கு அது நேர்மையாகப் பதில் சொல்கிறது.

நெடுவழி

இனிமேல் அந்த விளக்கைக் கடந்து போகும்போது மனம் கனக்கும். அடுத்த தெருவில் விளக்கு எரியாத இடத்தில் அதே வகைக் குருவி இருக்கிறது. எப்போது தொடங்குகிறது என்று இரண்டையும் ஒப்பிட்டு எழுதுகிறேன்.

உறைபனி

ஏரிகள் உறையும் நாட்டில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். இங்கே குளிர்காலத்தின் தொடக்கத்தை ஏரி சொல்லும். பனிக்கட்டி இறுகி, இரவில் வெப்பம் சடாரென்று இறங்கும்போது விரிசல் ஓடும். தொலைவில் எழும் விரிசல் ஓசை, அறிவியல் புனைகதைப் படங்களில் கதிர்த்துப்பாக்கி சுடுவது போல 'பியூவ்' என்று மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு வரும். பனித்தகட்டில் உச்ச ஒலி வேகமாகவும் தாழ்ந்த ஒலி மெதுவாகவும் பயணிப்பதால், ஒரே விரிசல் இப்படி நீண்டு கேட்கிறது. முதல் முறை கேட்டபோது ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் நின்றேன், விரல் மரத்துப்போனது.

அப்புறம், புதுப்பனி விழுந்த காலையின் அமைதி. புதுப்பனிக்குள் காற்றறைகள் நிறைய இருப்பதால் ஒலியை உறிஞ்சிவிடும். கண் திறக்காமலே பனி பெய்திருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

குளிர் முடிவதை இங்கே ஒரு தவளை சொல்கிறது. மரம் அடர்ந்த இடத்தில், சருகுக்குள் உடம்பின் பெரும்பகுதி உறைந்து, இதயமே நின்று குளிர்காலத்தைக் கடக்கும் வகை. பனி உருகும் சமயத்தில் உடல் இளகி, குட்டைக்குப் போய் வாத்து மாதிரி குரல் கொடுக்கும். குட்டையின் ஓரத்தில் இன்னும் பனிக்கட்டி மிதந்துகொண்டிருக்கும். அந்தக் குரலைக் கேட்காமல் எனக்கு வசந்தம் வந்ததாக ஆகாது.

மரத்தடி

பனிக்காலத்தில் தொலைவுச் சத்தம் பக்கத்தில் கேட்பதற்கும் காரணம் உண்டு, யாரும் சொல்லவில்லை. தெளிந்த குளிரிரவில் தரையோரக் காற்று குளிர்ந்தும் மேலே இருப்பது சற்றுச் சூடாகவும் இருக்கும். ஒலி சூடான காற்றில் வேகமாகப் போகும், 0 டிகிரியில் நொடிக்கு 331 மீட்டர், 20 டிகிரியில் 343 மீட்டர். அதனால் மேலே போகும் ஒலி வளைந்து மறுபடியும் தரைக்கு வந்துவிடுகிறது. எங்கோ ஆந்தை அலறுவது தலைமாட்டில் கேட்பது அதனால்தான்.

கார்முகில்

எல்லாம் அருமை. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இப்போதெல்லாம் எதுவுமே அதனதன் நேரத்தில் வருவதில்லையே. இப்படி நாள் குறித்து வைத்து என்ன பயன்?

ஈரமண்

கோபம் ஏன்? இந்தக் கேள்விக்குத்தான் நான் இழையையே தொடங்கினேன் என்று இப்போது தோன்றுகிறது.

இங்கிலாந்தில் நார்ஃபோக் பகுதியில் ராபர்ட் மார்ஷம் என்பவர் 1736இல் வசந்தத்தின் அடையாளங்களை நாள் போட்டு எழுதத் தொடங்கினார். மொத்தம் 27 அடையாளங்கள். எத்தனை ஓசைகள் பாருங்கள்: தவளையும் தேரையும் கத்துவது, புறா குமுறுவது, குக்கூ கூவுவது, நைட்டிங்கேல் பாடுவது, பக்கி என்ற இரவுப் பறவை ராட்டை சுற்றுவது போல இரைவது. அவருக்குப் பின் அவர் குடும்பத்தார் 1958 வரை தொடர்ந்து எழுதினார்கள். இருநூறு ஆண்டுக்கு மேல். எழுதும்போது அவர்கள் யாருக்கும் பருவநிலை மாற்றம் என்ற சொல் தெரியாது. இன்று மரங்கள் எவ்வளவு முன்னதாகத் தளிர்க்கின்றன என்று கணக்கிடுபவர்களுக்கு அந்தக் குறிப்புகள் பெரிய ஆதாரம்.

ஜப்பானில் அரசின் வானிலை நிறுவனமே 1953 முதல் நாடு முழுவதும் இதைச் செய்தது. புதர்க்கதிர்குருவியின் முதல் பாட்டு, வானம்பாடியின் முதல் பாட்டு, சில்வண்டின் முதல் இரைச்சல் எல்லாம் பட்டியலில் இருந்தன. 2021இல் விலங்குகள் எல்லாவற்றையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். 6 செடி மர வகைகள் மட்டும் மிஞ்சின. சொன்ன காரணம், கண்காணிப்பு நிலையங்களின் அருகே அந்த உயிரினங்களைக் கண்டுபிடிப்பதே கடினமாகிவிட்டது என்பது. கேட்பதற்கு ஆள் இருந்தும் பாடுவதற்குப் பறவை இல்லாமல் பதிவேட்டை மூட வேண்டி வந்திருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை.

நேரம் தவறுவது பற்றி. எல்லாமே சேர்ந்து இரண்டு வாரம் முன்னதாக வந்தால் பெரிய சிக்கல் இல்லை. சிக்கல், ஒன்று முன்னதாகவும் இன்னொன்று பழைய நாளிலேயும் வருவதில். நெதர்லாந்தில் ஆய்வு செய்த ஒரு கறுப்பு வெள்ளை ஈப்பிடிப்பான் இருக்கிறது. குளிர்காலத்தை மேற்கு ஆப்பிரிக்காவில் கழிக்கிறது. கிளம்பும் நாளை அங்கே பகலின் நீளம் தீர்மானிக்கிறது, அது மாறவில்லை. ஆனால் அது குஞ்சுக்கு ஊட்ட வேண்டிய கம்பளிப்புழு சூட்டை வைத்து நாள் பார்க்கிறது. சூடு முன்னதாக வந்ததால் புழுவும் முன்னதாக வந்து முடிந்துவிடுகிறது. புழு மிக முன்னதாக உச்சத்துக்கு வந்த காடுகளில் இருபதாண்டுக்குள் இந்தப் பறவை ஏறக்குறைய 90 விழுக்காடு குறைந்தது என்று 2006இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

இதைப் படித்த பிறகு என் 9 ஆண்டு நோட்டைத் திரும்ப எடுத்து வேறு மாதிரி பிரித்தேன். வெளிச்சத்தைக் கேட்டுப் பேசுபவை, சூட்டைக் கேட்டுப் பேசுபவை, ஈரத்தைக் கேட்டுப் பேசுபவை என்று மூன்று பத்தி. எந்த ஓசை எந்தப் பத்தியில் வர வேண்டும் என்பதில் எனக்குத் தப்பு நேர்ந்திருக்கலாம், ஒரே இடம், ஒரே காது. ஆனாலும், வெளிச்சப் பத்தியில் முதல் நாட்கள் ஆண்டுக்கு ஆண்டு சில நாட்களுக்கு மேல் நகரவில்லை. சூட்டுப் பத்தி மெதுவாக முன்னே வருகிறது. ஈரப் பத்தி வாரக்கணக்கில் அங்கும் இங்கும் தாவுகிறது, ஓராண்டு தவளை 40 நாள் தாமதம்.

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பெயர் வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றும் ஒரு கதவு மாதிரி ஒரே நாளில் திறக்கும் என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. மூன்று கடிகாரங்கள் தனித்தனியாக ஓடுகின்றன, அவை ஒத்துப்போன நாட்களைத்தான் நாம் பருவம் என்று அழைத்துவந்திருக்கிறோம். ஆகவே, கார்முகில், நேரம் தவறுகிறது என்று நீங்கள் சொல்வது சரி. எது எதைவிட்டு எவ்வளவு விலகுகிறது என்பதைச் சொல்ல, நாள் எழுதியவர்களால்தான் முடியும்.

கார்முகில்

சரி. ஒரு நோட்டு வாங்கிவிட்டேன். என்னென்ன எழுத வேண்டும்?

ஈரமண்

நாள், மணி, இடம், எந்த ஓசை, அதற்கு முன் எத்தனை நாள் மழை இல்லை, ஜன்னல் திறந்திருந்ததா. பெயர் தெரியாவிட்டால் ஓசையையே எழுத்தில் எழுதுங்கள், அல்லது போனில் 30 நொடி பதிவு செய்துவையுங்கள். மெர்லின் செயலி பல பறவைகளை ஓசையை வைத்தே சொல்லும், ஆனால் அது சொன்னதை அப்படியே எழுதாமல் ஒருமுறை நீங்களும் பார்த்து உறுதி செய்யுங்கள்.

முக்கியமாக, கேட்காத நாளையும் எழுதுங்கள். "இன்று உட்கார்ந்தேன், ஒன்றும் இல்லை." இது இல்லாவிட்டால் முதல் நாள் என்பது உண்மையில் முதல் நாளா, நீங்கள் முதலில் கவனித்த நாளா என்று பிரிக்க முடியாது. கடைசியாகக் கேட்ட நாளும் வேண்டும். முதல் குயிலை எல்லோரும் கவனிப்பார்கள். அது என்றைக்கு நிறுத்தியது என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது. இனப்பெருக்கம் முடிந்து இறகு உதிர்க்கும் நாட்களில் பல பறவைகள் வாயை மூடிக்கொள்ளும். அந்த மௌனமும் ஒரு பருவ அறிகுறிதான், கேட்பது மட்டும் கடினம்.

பழைய வானொலி

நானும் பேத்தியும் சேர்ந்து எழுதுவதாக முடிவு செய்திருக்கிறோம். பூச்சிகள் அவள் பொறுப்பு. இடியும் தவளையும் என் பொறுப்பு.

நெடுவழி (11 நாட்களுக்குப் பிறகு)

விளக்கடி மரத்துக் குருவி 2:10க்குத் தொடங்குகிறது. விளக்கு இல்லாத தெருவில் 4:50. பதினோரு இரவில் ஒன்பது இரவு கேட்டேன். பார்த்தும் விட்டேன், குண்டுகரிச்சான்தான். வெள்ளைப் பட்டை தெளிவாகத் தெரிந்தது.

கார்முகில் (பல வாரங்களுக்குப் பிறகு)

இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். என் நோட்டிலிருந்து அப்படியே:

இரவு 9:20. ஜன்னல் திறந்திருக்கிறது. 63 நாளாக மழை இல்லை. காற்று பிசுபிசுப்பாக இருக்கிறது. செடியிலிருந்து ஒற்றைக் குரல், நான்கு முறை. நிறுத்திவிட்டது.

9:45. மறுபடியும், ஆறு முறை.

11:05. தூறல். வேலியோரம் பட்டாசுக்காய் வெடிக்கிறது, எண்ண முடியவில்லை.

குட்டையில் இன்னும் ஒன்றும் இல்லை. விழித்திருக்கிறேன்.